குழம்புப் பொடிப் பதிவேடும் ஆவுடையப்பன் கல்யாணமும்

எங்கள் மாவு மில்லுக்கு வருகிறவர்களில் ஆவுடையப்பன் அண்ணாச்சியை மட்டும் நான் உள்ளே நிற்க விடுவதில்லை. உள்ளே விட்டால் அவர் பேச்சுச் சத்தத்தில் மிஷின் ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியாது. முப்பது வருஷம் பஸ்ஸில் கண்டக்டராக இருந்தவர். பொய் சொல்லுவார் என்றால் பாவம். நடந்ததைவிடக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்லுவார், அவ்வளவுதான். அந்தக் கொஞ்சத்தைத்தான் யாராலும் தூக்க முடியாது.

அன்றைக்குக் காலையில் கரண்ட் இல்லை. வெளிப் பெஞ்சில் அண்ணாச்சியும், அவர் சம்சாரம் செண்பகம் அக்காவும், தையல்கடை மைதீன் பாயும் உட்கார்ந்திருந்தார்கள். பாயிடம் கோதுமை டப்பா. அக்கா மடியில் குழம்புப் பொடிக்கு வறுத்த சாமான், எவர்சில்வர் தூக்கில், மூடியைச் சுற்றித் துணி போட்டுக் கட்டி.

மூன்று பேருக்கும் கடுப்பு. காரணம் கரண்ட் அல்ல, நோட்டு. போன வாரம் ஒரு அதிகாரி வந்து 'வீட்டு அரவைப் பதிவேடு' என்று தலையணைக் கனத்துக்கு ஒரு நோட்டைக் கொடுத்துவிட்டுப் போனார். யார் என்ன அரைக்கிறார், அதில் எந்தச் சாமான் எவ்வளவு, எந்தக் குழம்புக்கு, வீட்டில் எத்தனை பேர் தின்கிறார்கள், எல்லாவற்றுக்கும் கட்டம் போட்டிருந்தது. மக்கள் உடம்பு நன்றாக இருக்கவேண்டுமாம். என் உடம்பு அந்த நோட்டைத் தூக்கியதிலேயே பிடித்துக்கொண்டது. பதினோரு மணிக்கு அவரே நேரில் வந்து எழுதிக்கொள்வதாகச் சொல்லியிருந்தார். எழுதாமல் அரைத்தால் எனக்கு அபராதம்.

செண்பகம் அக்காவின் குழம்புப் பொடிக்கு எங்கள் தெருவில் ஒரு மரியாதை உண்டு. அக்கா வீட்டில் புளிக்குழம்பு கொதித்தால் அடுத்த தெருவில் சண்டை நிற்கும். அதில் என்ன போடுகிறாள் என்று அவள் யாருக்கும் சொன்னதில்லை. அடுப்படிக் கதவைச் சாத்திவிட்டுத்தான் வறுப்பாள்.

"எம் மருமவளுக்கே சொல்லல. இவனுவளுக்குச் சொல்லுவேனா? எழுதவும் மாட்டேன், அரைக்காமப் போவவும் மாட்டேன்" என்று தூக்கை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

அண்ணாச்சி காலை மடக்கிப் பெஞ்சில் ஏறி உட்கார்ந்தார். எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

"நீ எதுக்குட்டி பயப்படுதே? நான் இருக்கேம்லா. அரசாங்கத்துக்கே தண்ணி காட்டுனவன் நான். எல்லாம் நம்ம கல்யாணத்தன்னைக்கு."

"தொடங்கிட்டாவ" என்றாள் அக்கா.

"தளவாய், நீயும் கேளு" என்று என்னைப் பார்த்துத் திரும்பினார். "அப்ப எங்க ஊர்ல ஒரு சட்டம் போட்டாவ. வீட்டை விட்டு வெளிய போற ஒவ்வொருத்தனும் எங்க போறான், எதுக்குப் போறான், எப்ப திரும்புவான்னு பதியணும். தெருமுக்குல ஒரு கூண்டு, கூண்டுக்குள்ள ஒரு கிளார்க்கு. எல்லாம் நம்ம பாதுகாப்புக்காம். எனக்கு ஒம்பது, பத்தரை முகூர்த்தம். விடியக்காலம் ஆறு மணிக்கு மாலையும் கழுத்துமா எறங்குதேன். பின்னால முந்நூறு பேரு. தெருமுக்கு வந்ததும் அந்தப் பய தலையை நீட்டிக் கேட்டான் பாரு: எங்க போறீங்க?"

"அட ஆண்டவனே!" என்றார் பாய். "நல்ல காரியத்துக்குக் கெளம்புறவனப் பாத்தா?"

"அதத்தான் சொல்லுதேன். எங்கம்மா மாரைப் பிடிச்சுக்கிட்டா. ஐயா, போற காலைத் தடுத்துட்டானே, வீட்டுக்கு வா, உக்காரு, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு மறுபடி எறங்குன்னா. திரும்பினேன். உக்காந்தேன். குடிச்சேன். எறங்கினேன். மறுபடி தெருமுக்கு. மறுபடி அவன்: எங்க போறீங்க? மறுபடி வீடு, மறுபடி தண்ணி. முந்நூறு பேரும் என்கூடவே திரும்பணும், முந்நூறு பேரும் குடிக்கணும். ஏழாவது தடவை எங்க வீட்டுக் கெணறு வத்திட்டு. பதினஞ்சாவது தடவை தெருவுல உள்ள கெணறு பூராவும் வத்திட்டு. தண்ணி லாரிக்குச் சொல்லி விட்டோம். லாரி வந்துட்டுத் திரும்பும்போது டிரைவரப் பாத்துக் கேட்டான். டிரைவரும் நம்ம பக்கத்து ஆளு. எறங்கி வந்து உக்காந்து, அவன் கொண்டாந்த தண்ணிய அவனே குடிச்சான்."

"லாரித் தண்ணி பூராவுமா?" என்றேன்.

"பின்ன? அம்பது தடவைலா கேட்டான்."

பாய் விடவில்லை. "ஏன் வே, பதிலச் சொல்லிட்டுப் போவ வேண்டியதுதான? கல்யாணத்துக்குப் போறேன்னு?"

"சொல்லிப் பாத்தேன் பாய். கல்யாணம்னதும் அந்தப் பய வேற ஒரு ஃபாரம் எடுத்தான். ஒம்பது பக்கம். யாரக் கட்டப் போறீரு, பொண்ணு சிரிச்சா எத்தனை பல்லு தெரியும், மொதப் பிள்ளைக்கு என்ன பேரு, சண்டை வந்தா யாரு மொதல்ல பேசுறது. எல்லாம் எழுதினேன். கடைசிக் கட்டத்துல கேட்டிருந்தான்: ஏன் இந்தப் பெண்? காரணம் இருவது வார்த்தைக்குள்."

அக்கா முதல் தடவையாகத் திரும்பிப் பார்த்தாள். "என்ன எழுதினிய?"

"எழுதல. இடம் பத்தல."

அக்கா முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். பாய் தொண்டையைச் செருமினார். அண்ணாச்சி பெஞ்சைத் தட்டிவிட்டு மேலே போனார்.

"இங்க நான் தண்ணி குடிச்சுக்கிட்டிருக்கேன். அங்க இவ வீட்டுல என்ன நடக்குன்னு நெனைக்கிய? இவ மாமன் மவன் தங்கராசு, பட்டு வேட்டி கட்டி, பவுடர் போட்டு, முன் வரிசையில உக்காந்திருக்கான். மாப்பிள்ளை வரலன்னா எந்திரிச்சு மணையில உக்காரத் தயார்!"

"தங்கராசுக்கு அப்ப எட்டு வயசு" என்றாள் அக்கா.

"எட்டு வயசுலயே அவனுக்கு மீசை இருந்துச்சு. நீ கவனிக்கல. அப்பதான் எனக்கு ஒரு யோசனை வந்துச்சு. எல்லாரையும் எங்க போறன்னு இவன் கேக்கான். இவன யாரு கேக்கா? அந்த நேரம் பாத்து அந்தக் கிளார்க்கு ஒண்ணுக்குப் போவ எந்திரிச்சான். எங்கம்மா போயி, ஏம்ப்பா, எங்க போறன்னு கேட்டா. அவனும் நம்ம ஊருத் தண்ணி குடிச்சு வளந்தவன்தான? மொகம் வெளுத்துப் போச்சு. திரும்ப உக்காந்தான். ஒரு சொம்பு தண்ணி குடிச்சான். மறுபடி எந்திரிச்சான். எங்கத்தை கேட்டா. மறுபடி ஒரு சொம்பு. அவன் எதுக்குப் போவ எந்திரிச்சான்னு சொன்னேம்லா? ஒவ்வொரு சொம்புக்கும் அவன் கண்ணு வெளிய வருது!"

பாய் சிரித்த சிரிப்பில் கோதுமை கொஞ்சம் சிந்தியது. அக்கா உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அவனக் காப்பாத்த வருவாய் ஆய்வாளர் வந்தாரு. வந்த ஆளு திரும்பணும்லா? கேட்டோம். உக்காந்தாரு. அவரத் தேடித் தாசில்தாரு ஜீப்புல வந்தாரு. கேட்டோம். அவரத் தேடி அவருக்கு மேல உள்ளவரு, அவருக்கு மேல உள்ளவரு. எங்க பந்தல்ல கல்யாணத்துக்கு வந்தவகளவிட ஆபீசருமாருதான் கூட. வரிசையா சொம்பும் கையுமா உக்காந்திருக்காவ. ஜில்லா முழுக்க ஒரு நாற்காலியில ஆளில்ல. பதினெட்டு நாளு, தளவாய். பதினெட்டு நாளு ஜில்லாவுல ஒரு ஆபீசரும் கெடையாது. ஒரு பயலுக்கும் தெரியல."

"அது ஒண்ணுதான் நம்புற மாதிரி இருக்கு" என்றேன் நான்.

"இருங்க வே" என்று பாய் கையைத் தூக்கினார். "ஒம்பது, பத்தரை முகூர்த்தம்னீரு. இப்பப் பதினெட்டு நாளுங்கீரு. முகூர்த்தம் என்னாச்சு?"

நானும் அதைத்தான் நினைத்தேன். அண்ணாச்சி மாட்டினார் என்று எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. அவர் வேட்டி நுனியால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, பாய் கேட்டதற்காகவே காத்திருந்தவர் மாதிரிச் சிரித்தார்.

"கேட்டீரே, இதுதான் கேள்வி. எங்க ஊர்ல கெழக்குத் தெருவுலயும் ஒரு கூண்டு உண்டும்லா? அங்கன இருந்தவன் ரொம்பக் கண்டிப்பான ஆளு. அன்னைக்கு விடியக்காலம் சூரியன் மேல வந்துச்சுல்லா? அதையும் பாத்துக் கேட்டுட்டான், எங்க போறீங்கன்னு."

"சூரியனையா?"

"சட்டத்துக்குப் பெரியவன் சின்னவன் உண்டுமா பாய்? சூரியன் என்ன செய்யும்? திரும்பக் கடலுக்குள்ள போயி, உக்காந்து, ஒரு வாய் தண்ணி குடிச்சுட்டு மறுபடி கெளம்பிச்சு. மறுபடி கேட்டான். மறுபடி கடலு. பதினெட்டு நாளும் எங்க ஊர்ல மணி ஆறு, ஆறேகால், ஆறு, ஆறேகால். சேவலுக்குத் தொண்டை கட்டிட்டு. கடலு ரெண்டு மைல் உள்வாங்கிட்டு, மீன்பிடிக்காரவுக நடந்து போயி அள்ளிட்டு வந்தாவ. கடைசியில பந்தல்ல இருந்த பெரிய ஆபீசரு எங்கிட்ட வந்து, மாப்பிள்ளே, சட்டத்த வாபஸ் வாங்கிடுதோம், எங்களப் போவ விடுங்கன்னாரு. அங்கனயே கிழிச்சுப் போட்டாரு. சூரியன் மேல ஏறிச்சு. நான் மாலை வாடாம ஒம்பது மணிக்கு இவ கழுத்துல தாலி கட்டினேன். சந்தேகம்னா இவளக் கேளுங்க."

நாங்கள் இருவரும் அக்காவைப் பார்த்தோம்.

"அன்னைக்கு மழை" என்றாள் அக்கா. "சூரியன் வரவே இல்ல. இவுக பஸ்ஸத் தவற விட்டுட்டு மீன் லாரியில வந்து எறங்கினாவ. தாலி கட்டும்போது வாடை தாங்கல."

பாய் சிரித்து முடிப்பதற்குள் கரண்ட் வந்துவிட்டது. கரண்ட்டோடு அதிகாரியும் வந்துவிட்டார்.

சின்ன வயசுக்காரர். வெயிலில் கறுத்த முகம், கக்கத்தில் இன்னும் இரண்டு நோட்டு. அன்றைக்கு அவருக்கு இது நாலாவது மில்லாம். நேரே அக்காவிடம் வந்தார். "பொடிங்களாக்கா? என்னென்ன சாமான், எவ்வளவுன்னு சொல்லுங்க."

"சொல்ல முடியாது."

"சொல்லலன்னா அரைக்க முடியாதுக்கா. தூக்கை சாம்பிளுக்கு எடுத்துட்டுப் போவணும். லேப்ல பிரிச்சுப் பாத்து அவங்களே எழுதிக்கிடுவாங்க." அவர் கை தூக்கின் பக்கம் நீண்டது.

அக்கா தூக்கை மார்போடு அணைத்துக்கொண்டாள். அவள் கண் கலங்கி நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். ஒரு வீட்டுக் குழம்பு ருசியைப் பிரித்துப் பார்க்க இவர்கள் யார்? ஆனால் லைசென்ஸ் என் பேரில் இருக்கிறது. அண்ணாச்சி செருப்பைத் தேடிக்கொண்டிருந்தார். சூரியனையே நிறுத்தியவர் இப்போது நழுவப் போகிறார் என்றுதான் நினைத்தேன்.

செருப்பை மாட்டிக்கொண்டு அவர் அதிகாரிக்கு முன்னால் வந்து நின்றார்.

"அவளுக்கு என்ன தெரியும்? சாமான் வாங்கிப் போடுறவன் நான். எழுதிக்கிடுங்க தம்பி. மல்லி, மூணே முக்காப் படி. அதுவும் இடி இடிக்கும்போது பறிச்ச மல்லி. மெளகா நானூத்திப் பதினொண்ணு. காம்பு கெழக்க பாத்திருக்கணும். சீரகம், ஒரு கழுதை சொமை."

பேனா ஓடியது.

"புளியமரத்து நெழலு, ரெண்டு முழம்."

பேனா நின்றது. "நெழலா?"

"காலம்பற எடுக்கணும். மத்தியானம் எடுத்தா முழம் தேறாது. கோவில் மணிச் சத்தம், காய வச்சது, அரை ஆழாக்கு. மாமியா ஏசினது ஏழு. ஏழுதான். எட்டாச்சுன்னா காரம் கூடிரும்."

அதிகாரி என்னைப் பார்த்தார். நான் மிஷின் பெல்ட்டைப் பார்த்தேன். அவர் நோட்டைப் பார்த்தார். கட்டங்கள் ஒவ்வொன்றாக நிறைந்துகொண்டிருந்தன. மேலே இருக்கிறவர்கள் கட்டம் காலியாக இருந்தால்தான் திட்டுவார்கள், நிறைந்திருந்தால் யாரும் படிக்கப்போவதில்லை என்று அவருக்கும் தெரிந்திருக்கவேண்டும். ஒரு பெருமூச்சு விட்டுவிட்டு எழுதினார்.

"வீட்டுல எத்தனை பேரு சாப்பிடுறீங்க?"

"நூத்தி எழுவது."

"ரேசன் கார்டுல நாலு பேருன்னுலா இருக்கும்?"

"நாலு பேரு சாப்பிட. மிச்சம் வாசனைக்கு வாறவக."

அதையும் எழுதினார். எழுதி முடித்து நோட்டைத் திருப்பி அக்காவிடம் நீட்டினார். அடியில் ஒரு வரி அச்சடித்திருந்தது: மேலே கூறிய அனைத்தும் உண்மை என உறுதி அளிக்கிறேன்.

"பொடி உங்களுதுன்னா நீங்கதான் கையெழுத்துப் போடணும்க்கா. சார் சொன்னது பூரா உண்மைதானா?"

பாய் டப்பாவைக் கீழே வைத்துவிட்டார். அண்ணாச்சி முதல் தடவையாக வாயை மூடிக்கொண்டு, பயந்த மாதிரி, சம்சாரத்தின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். பெண் பார்க்க வந்த அன்றைக்கு அப்படி நின்றிருப்பார் போல.

அக்கா தூக்கை என் கையில் கொடுத்து, "அரைச்சுப் போடு தளவாய்" என்றாள். பேனாவை வாங்கி, பெயரை ஒவ்வொரு எழுத்தாக நிதானமாக எழுதினாள்.

"முப்பத்தாறு வருசத்துல இந்த மனுசன் சொன்ன ஒரு வார்த்தைய நான் ஒத்துக்கிட்டதில்ல தம்பி. இப்பக் கேக்குறது அரசாங்கம்லா? அதுக்கு இவுக சொன்னதுதான் உண்மை."