பீமன் நின்ற இடம்

அந்தக் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படிக்கிறவர்கள் ரோபாட்டிக்ஸைச் சிறப்புப் பாடமாக எடுக்க வேண்டுமென்றால், ஜெயராணி மேடம் வைக்கும் பரீட்சையில் தேற வேண்டும். பரீட்சை ஒன்றே ஒன்றுதான். அவரவர் செய்த ரோபோ ஒரு மூட்டையைச் சுமந்துகொண்டு, கூடத்தின் இந்தச் சுவரிலிருந்து அந்தச் சுவருக்குப் போக வேண்டும். கெடு ஒரு நிமிஷம்.

இசக்கியம்மாள் தன் ரோபோவுக்குப் பீமன் என்று பேர் வைத்திருந்தாள். முப்பது கிலோ கனம். பேர்தான் பீமன். மின்விசிறி நிழலைக் கண்டாலும் நின்றுவிடும். நின்று, பார்த்து, யோசித்து, அப்புறம்தான் கிளம்பும். சுவரைத் தொட இரண்டு நிமிஷம் ஆகும்.

"புதுப்பொண்ணு மாதிரில்லா நடக்கு!" என்று சிரித்தான் கூடப் படிக்கும் ஜெபஸ்டின். அவனுடைய ரோபோ எதற்கும் நிற்காது, முப்பத்தைந்து செகண்டில் போய்விடும்.

பரீட்சை நாளன்று பட்டியலில் முதல் பேரே இசக்கியுடையது. அவள் மேடத்திடம் ஓடினாள்.

"மேடம், குறுக்கே எது தெரிஞ்சாலும் நில்லுன்னு ப்ரோகிராம்ல ஒரு வரி எழுதியிருக்கேன். அதை எடுத்துட்டா நாப்பது செகண்டுல போயிரும். எடுத்திரட்டுமா?"

"எடுத்துட்டு ஓட்டிப் பாத்தியா?"

"கம்ப்யூட்டருக்குள்ள நானூறு தடவை ஓட்டிட்டேன். ஒரு தடவைகூட முட்டல."

"அப்ப எடுத்திரு."

இசக்கி சந்தோஷமாக அந்த வரியை அழித்தாள்.

மேடம் செருப்பைக் கழற்றினார். முந்தானையை இழுத்துச் செருகினார். கூடத்தின் நடுவில், பீமன் போகிற வழிக்குக் குறுக்கே, தலைக்குக் கையை வைத்துப் படுத்துவிட்டார்.

"ம், ஓட்டு."

"மேடம்! எந்திரிங்க மேடம்!"

"ஏன்ட்டி? நானூறு தடவை முட்டலன்னியே."

"அதுல யாரும் படுத்திருக்கலையே!"

"இதுல படுத்திருக்கேன். கடிகாரம் ஓடுது பாரு."

இசக்கியின் விரல் பட்டன் மேல் போனது. அழுத்த வரவில்லை.

அழித்த வரியை மறுபடியும் எழுதினாள். அதற்கே அரை நிமிஷத்துக்கு மேல் போய்விட்டது. பிறகுதான் பட்டனைத் தட்டினாள்.

பீமன் கிளம்பியது. நிழலுக்கு நின்றது. மேடத்தின் முழங்காலுக்கு ஒரு சாண் முன்னால் நின்றது. ரொம்ப நேரம் யோசித்தது. அப்புறம் சுற்றிக்கொண்டு போய்ச் சுவரைத் தொட்டது.

"மூணு நிமிஷம்," என்றாள் இசக்கி. "எனக்கு ரோபாட்டிக்ஸ் கிடைக்காது, இல்ல மேடம்?"

மேடம் படுத்தபடியே கையை நீட்டிப் பட்டியலை வாங்கினார். தேறியவர்கள் என்று போட்டிருந்ததற்குக் கீழே இசக்கியம்மாள் என்று எழுதினார்.

"மேடம், இது அநியாயம்!" ஜெபஸ்டின் கத்தினான். "கெடு ஒரு நிமிஷம்தானே?"

"ஆமால்ல," என்றார் மேடம். "சரி, உன் வண்டியைக் கொண்டு வாலே. நான் இன்னும் எந்திரிக்கல."