கத்தரிக்காய் வழக்கு

மங்கையர்க்கரசி அம்மையாரின் மடத்தில் யார் வேண்டுமானாலும் வாதம் செய்யலாம். ஒரே ஒரு வழக்கம் உண்டு. வாதிட வருகிறவர் முதலில் எதிராளியின் கட்சியை எடுத்துச் சொல்ல வேண்டும். எதிராளி அதைக் கேட்டு, "ஆமாம், நான் சொல்வது இதைத்தான்" என்று ஒப்புக்கொள்ள வேண்டும். அதற்குப் பிறகுதான் தன் கட்சியைப் பேசலாம். சைவப் பெரியவர்கள் கைக்கொண்ட பழைய முறை அது. மடத்துக்கு வரும் சண்டைகளில் பாதி இந்த முதல் படியிலேயே களைத்துப் போய்விடும். மீதிப் பாதிக்கு அதற்குள் பசி எடுத்துவிடும்.

அம்மையாரின் சீடர் பூதலிங்கம் அம்மையாரைவிட வயதில் மூத்தவர். கல்லூரியில் தாவரவியல் நடத்தி ஓய்வு பெற்றவர். சாந்தமானவர். அவர் யாரையும் மறுத்துப் பேசி ஒருவரும் பார்த்ததில்லை.

ஒரு நாள் காலை அவர் முகம் வாடி வந்தார். அம்மையார் அரிவாள்மணையில் பூசணிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"அம்மா, மரபணு மாத்தின கத்தரிக்காயைச் சாப்பிடலாமா, கூடாதா?"

"சமைச்சாச்சா?" என்று கேட்டார் அம்மையார்.

"விளையாட்டு இல்லம்மா. என் குடும்பமே ரெண்டாப் போச்சு."

பிறகு விஷயத்தைச் சொன்னார். அவர் மகள் கோமதி கோயம்புத்தூரில் ஒரு ஆராய்ச்சிக்கூடத்தில் இருக்கிறாள். மண்ணில் வாழும் ஒரு நுண்ணுயிரின் மரபணுவைக் கத்தரியில் சேர்த்து, காய்ப்புழு தின்றால் செத்துப் போகும்படி செய்யும் வேலை. மகன் நெல்லையப்பன் அக்காவுக்கு இளையவன். நாட்டுக் கத்தரி விதைகளைச் சேர்த்து ஊர் ஊராகக் கொடுப்பவன். போன வருஷம் இந்தக் கத்தரியைப் பற்றிப் பொதுமக்களிடம் கருத்துக் கேட்கும் கூட்டம் ஒன்று நடந்தது. அக்கா ஒரு பக்கம் பேசினாள், தம்பி மறுபக்கம் பேசினான். அவன் அவளைக் கம்பெனி ஆள் என்றான். அவள் அவனைப் பழைய பஞ்சாங்கம் என்றாள். அன்றைக்கு நின்ற பேச்சு, இன்னும் தொடங்கவில்லை.

இப்போது ஆவணியில் நெல்லையப்பனுக்குக் கல்யாணம். மாப்பிள்ளை முதல் முடிச்சைப் போட்டதும் மற்ற முடிச்சுகளை நாத்தனார் போட வேண்டும். கோமதி வரமாட்டேன் என்கிறாள். நெல்லையப்பன், அவள் வராவிட்டால் மூன்று முடிச்சையும் தானே போட்டுக்கொள்வதாகச் சொல்லிவிட்டான். சொன்னானே தவிர, அன்றிலிருந்து சரியாகச் சாப்பிடவில்லை.

"நீங்க ஒரு தீர்ப்புச் சொல்லுங்கம்மா. ரெண்டு பேரும் கேப்பாங்க" என்றார் பூதலிங்கம்.

"நீங்க என்ன சொன்னீங்க அவங்ககிட்ட?"

"நான் என்னத்தைச் சொல்ல? பெத்தவன்."

அம்மையார் பூசணி விதைகளை வழித்து ஓரமாக வைத்தார். "குருபூசைக்கு ரெண்டு பேரையும் வரச் சொல்லுங்க" என்றார்.

குருபூசை அன்று மடம் நிறைந்திருந்தது. கோமதி கூடத்தின் ஒரு மூலையிலும் நெல்லையப்பன் எதிர் மூலையிலும் உட்கார்ந்தார்கள். பூசை முடிந்ததும் அம்மையார் வழக்கத்தை விளக்கினார். முதல் படி முடிந்த பிறகே இலை போடப்படும் என்றும் சேர்த்துச் சொன்னார். அடுக்களையிலிருந்து அவியல் வாசம் வந்துகொண்டிருந்தது. கூட்டத்துக்கு இந்த வழக்கு சட்டென்று முக்கியமாகிவிட்டது.

கோமதி எழுந்தாள். "அவன் கட்சி சின்னது. விஞ்ஞானம்னா விஷம், அவ்வளவுதான்."

நெல்லையப்பன் இல்லை என்று தலையாட்டினான். தன் முறை வந்தபோது, புழு செத்தால் போதும், ஊர் எக்கேடு கெட்டால் என்ன என்பதுதான் அவள் கட்சி என்றான். அவளும் இல்லை என்றாள். இப்படியே இன்னும் சில சுற்று போயிற்று. பின்வரிசையிலிருந்து ஒரு பெரியவர், "தாயி, கொஞ்சம் சட்டுனு புரிஞ்சுக்கிட்டாத் தேவலை. எனக்குச் சக்கரை வியாதி" என்றார்.

கோமதிக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அதை அடக்கிக்கொண்டு, ஒரு வருஷத்துக்குப் பிறகு முதல் தடவையாகத் தம்பியின் முகத்தைப் பார்த்துக் கேட்டாள்.

"சரி, சொல்லு. உனக்கு எதுலதான் பயம்?"

அவன் சொன்னான். விஷம் என்று அவன் அஞ்சவில்லை. பக்கத்து வயலில் அது பூத்தால் மகரந்தம் இவன் வயலுக்கும் வரும். கூடை கூடையாய் அவன் காப்பாற்றி வைத்த நாட்டுக் கத்தரி தன் குணம் மாறிப் போனால் பிறகு எங்கே போய்த் தேடுவது? விதைக்காக ஒவ்வொரு விதைப்புப் பட்டத்திலும் இன்னொருவர் வாசலில் போய் நிற்கும்படி ஆகிவிட்டால்? தின்னப் போகிறவர்களை யாராவது ஒரு வார்த்தை கேட்டார்களா?

அவள் அதை ஒன்று விடாமல் திருப்பிச் சொன்னாள். தன் ஆராய்ச்சிக்கூடத்தில் இருந்துகொண்டு இதையெல்லாம் யோசிக்காத ஒருத்தியின் குரலாக அது இல்லை.

அடுத்து அவன் கேட்டான். அவளும் சொன்னாள். அவர்கள் சித்தப்பா முதுகில் பூச்சிமருந்து டின்னோடு கத்தரிக்காட்டில் மயங்கி விழுந்த நாளில் அவளுக்கு விவரம் தெரிந்த வயது. தம்பி கைக்குழந்தை. புழுவுக்காக அடித்த மருந்து சித்தப்பாவைப் படுக்கையில் போட்டது. அதே மருந்துக் காயைத்தான் ஊர் இன்னும் கழுவித் தின்றுகொண்டிருக்கிறது.

"அந்த டின்னை முதுகுலேருந்து இறக்கணும். அதுக்குத்தாண்டா நான் அங்க உக்காந்திருக்கேன்" என்றாள்.

நெல்லையப்பன் அதைத் திருப்பிச் சொல்ல எழுந்தான். சித்தப்பா விழுந்ததையும் டின்னையும் விடாமல் முழுசாகச் சொல்லி முடித்தான். கோமதி, "ஆமா, இதுதான்" என்றாள். கண்ணைத் துடைத்துக்கொள்ள அவள் வெட்கப்படவில்லை.

"நான் சொன்னதும் சரிதானே?" என்று அவனைக் கேட்டாள்.

"சரிதான். ஒண்ணே ஒண்ணு விட்டுட்ட."

"என்ன?"

"அப்பாவும் என் கட்சிதான். போன்ல எத்தனை தரம் சொல்லியிருக்காரு, நீ சொல்லுததுதான் சரின்னு."

கோமதி தம்பியை உற்றுப் பார்த்தாள். "என்கிட்டயும் அதையேதாண்டா சொன்னாரு" என்றாள்.

கூடம் முழுக்க ஒரே நேரத்தில் பூதலிங்கத்தின் பக்கம் திரும்பியது. அவர் உத்தரத்தை ஆராய்ந்துகொண்டிருந்தார். "கத்தரிக்கா முத்துனா கடைத்தெருவுக்கு வந்துதானே ஆகணும்" என்றார் சர்க்கரை வியாதிக்காரர். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.

அக்காவும் தம்பியும் சேர்ந்து அவர் முன்னால் வந்து நின்றார்கள்.

"அப்பா, நெஜமா நீங்க எந்தக் கட்சி?" என்று கேட்டான் நெல்லையப்பன்.

பூதலிங்கம் மகளைப் பார்த்தார், மகனைப் பார்த்தார். பழக்கத்தில் தலை இரண்டு பக்கமும் ஆடப் பார்த்தது.

"எனக்குத் தெரியலைய்யா" என்றார் கடைசியில். "அவ சொல்லும்போது அவ சொல்லுதது நியாயமாப் படுது. நீ சொன்னா உன்னதும் படுது. எது நடக்கும்னு எனக்கு நெஜமாவே தெரியலை."

யாரும் சிரிக்கவில்லை. கோமதி அப்பாவின் தோளைத் தொட்டாள்.

அம்மையார் இலை போடச் சொன்னார். பந்தி நடக்க நடக்க அக்காவும் தம்பியும் அடுத்தடுத்த இலையில் உட்கார்ந்து தங்கள் சொந்தக் கட்சியைப் பேசத் தொடங்கியிருந்தார்கள். ஒருவரும் ஒரு அங்குலம் இறங்கவில்லை. குரல் ஏறிக்கொண்டே போயிற்று. ரசம் வந்தபோது கோமதி பேச்சை நிறுத்தி, முடிச்சுப் போடுகிற நாத்தனாருக்கு என்ன நிறத்தில் சேலை எடுத்திருக்கிறாய் என்று கேட்டாள். இன்னும் எடுக்கவில்லை என்றான். அதற்கு வேறு ஒரு திட்டு விழுந்தது.

பூதலிங்கம் மட்டும் தூணோரம் நின்றிருந்தார். கடைசிப் பந்தியில் அம்மையார் உட்கார்ந்தபோது அருகில் போனார்.

"தீர்ப்பு நீங்க சொல்லவே இல்லையேம்மா?"

அம்மையார் இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தார்.

"செடி கொடியைப் பத்தியே காலம் பூரா பாடம் நடத்துனவன்" என்றார் பூதலிங்கம். "இத்தனை பேர் முன்னால, பெத்த பிள்ளைங்ககிட்டப் போய்த் தெரியலைன்னு சொல்லிட்டேன். வெட்கமா இருக்கு."

அம்மையார் கொஞ்சம் நகர்ந்து பக்கத்து இலையை அவர் பக்கமாகத் திருப்பிப் போட்டார்.

"உக்காருங்கய்யா. தெரியாதவங்க பந்தி இதுதான். நான் ரொம்ப நாளா இதுலதான் சாப்பிடுதேன்."