எரிந்துபோன வெள்ளை

"இந்த முகத்த மட்டும் எப்படியாவது மீட்டுக் குடுங்க டீச்சர்."

அருளப்பன் நாகர்கோவிலில் கல்யாணப் படம் எடுப்பவர். ரமீசா அவரைவிட இருபது வயது சின்னவள். கேமரா பதிந்ததை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல்களைக் கம்ப்யூட்டரில் திருத்தக் கற்றுக்கொடுப்பவள்.

திரையில் ஒரு பெண். சேலை தெரிந்தது. கழுத்துச் சங்கிலி தெரிந்தது. முகம் இருந்த இடத்தில் வெறும் வெள்ளை.

"யாரு அண்ணே?"

"என் வீட்டுக்காரி, ஸ்டெல்லா. போன மாசம் தவறிட்டா. சுவத்துல மாட்ட ஒரு படம் வேணும்."

ரமீசா வெளிச்சத்தைக் குறைத்தாள். வெள்ளை சாம்பலானது. முகம் வரவில்லை.

"இருட்டா இருந்தா ரா ஃபைல்லேர்ந்து தூக்கிடலாம். இது வெளிச்சம் கூடிப்போய் எரிஞ்சுபோச்சு. உள்ள ஒண்ணுமே பதியல."

"பொண்ணு மாப்பிள்ள வர்றதுக்கு முன்னாடி லைட் பாக்க அவளத்தான் நிக்கச் சொல்லுவேன். அப்படி எடுத்தது. மத்ததெல்லாம் அன்னன்னைக்கே அழிச்சிடுவேன்."

"வேற படமே இல்லையா?"

"லைட் ஸ்டாண்டப் பிடிச்சுக்கிட்டு ஓரமா நிப்பா. படத்துல எப்படி வருவா?"

ரமீசா அவருடைய ஹார்டு டிஸ்க்கை வாங்கி ஒரு கல்யாணத்தைத் திறந்தாள். பெண்ணும் மாப்பிள்ளையும் சிரித்துக்கொண்டிருந்தார்கள்.

"ஓரத்த வெட்டியிருக்கீங்க."

"ஆமா. அசிங்கமா ஏதாவது தெரியும்."

"ரா ஃபைல நீங்க வெட்டவே இல்ல அண்ணே. மறைச்சுதான் வச்சிருக்கீங்க."

ரீசெட்டை அழுத்தினாள். படம் அகலமானது. இடது ஓரம் கன்னங்கரேலென்று இருந்தது. நிழலை மெல்லத் தூக்கினாள்.

இருட்டுக்குள்ளிருந்து ஸ்டெல்லா வந்தாள். ஒரு கையில் லைட் ஸ்டாண்ட். மறு கை இடுப்பை அழுத்திக்கொண்டிருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

அருளப்பன் நாற்காலியைத் திரைக்குப் பக்கத்தில் இழுத்துக்கொண்டார்.

அடுத்த கல்யாணம். ரீசெட். அதே கை, அதே இடத்தில்.

அதற்கும் அடுத்தது. அதிலும்.

"எப்ப எடுத்தது இதெல்லாம்?"

"போன வருஷம்."

"வலிக்குதுன்னு அக்கா எப்ப சொன்னாங்க?"

"இந்த ஈஸ்டருக்குத்தான். அப்பவே டாக்டர் கைய விரிச்சிட்டாரு."

சொல்லிவிட்டு, தன் கையால் தானே வெட்டிய ஓரங்களை அவர் வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு படத்தின் பக்கம் குனிந்தார். அதில் முகம் நேராக இருந்தது. கண்கள் அவரையே பார்த்தன.

"இத மாட்டிக்கலாம்" என்றார். "முகத்துல அந்த வலிய மட்டும் கொஞ்சம் கொறச்சுக் குடுங்க டீச்சர்."

ரமீசா திரையின் வலப்பக்கம் இருந்த பட்டியலில் விரலை வைத்தாள். வெளிச்சம். நிழல். நிறம். கூர்மை. ஒவ்வொன்றாகக் கீழே இறங்கினாள்.

பட்டியல் முடிந்தது. விரலை எடுத்துக்கொண்டாள்.