நாயனக்காரன் உதடும் ஆத்தா குடையும்

ஒரு ஊர்ல ஒரு நாயனக்காரன் இருந்தானாம். ம் சொல்லுடி கனி. நீ ம் சொன்னாத்தான் கதை நடக்கும், இல்லைன்னா அத்தை விளக்கை அமத்திட்டுப் போயிருவேன். நாளைக்கு மலைக்குப் போறதுக்குத் தொப்பி வேண்டாம், ஒண்ணும் வேண்டாம்னு சாயங்காலம் என்னா ஆட்டம் ஆடுன! உனக்குன்னே இந்தக் கதைய எடுத்து வச்சிருக்கேன். சொல்லு.

ம்.

ஆங், அப்படி. அவன் பேரு மாசிலாமணி. ராமநாதபுரம் பக்கத்துல ஒரு பொட்டக்காட்டு ஊரு. அங்க அடிக்கிற வெயில் இருக்கே, அடேங்கப்பா! ஓட்டு மேல அப்பளத்தைப் போட்டா பொரிஞ்சுரும். அந்த வெயில்லயே பொறந்து, அந்த வெயில்லயே நின்னு நாயனம் ஊதுறவன். தலையில சுருட்டைச் சுருட்டையா முடி. துண்டு போட்டா முடி அமுங்கிரும்னு போட மாட்டான். அம்புட்டு மினுக்கு! அவன் கூட தவில் அடிக்கிறது அவன் மச்சான் பக்கிரி. பாவம், வாயில்லாப் பூச்சி.

அப்போ, ஒரு சித்திரை மாசம், மேல் மலையில இருந்து ஆள் வந்துச்சு. எங்க ஊர்ல ஆத்தாவுக்குத் திருவிழா, நீங்க வந்து ஊதணும்னு. சரின்னு ரெண்டு பேரும் கிளம்புனாக. ஏறுனாக, ஏறுனாக, காது ஙொய்ய்னு அடைக்கிற வரைக்கும் ஏறுனாக. மேல போய்ப் பாத்தா மேகம் காலுக்குக் கீழ கிடக்கு. காத்து ஜில்லுஜில்லுன்னு வருது.

அந்த ஊர் வழக்கத்தைக் கேளு. மொத நாள் ஆத்தாவைப் பல்லக்குல வச்சு மலை உச்சிக்குத் தூக்கிட்டுப் போவாக. அங்க ஒரு கல்மேடை, கூரை கிடையாது. அதனால பச்சை இலையில பந்தல் போட்டு அதுக்குள்ள உக்கார வைப்பாக. கடைசி நாள் காலையில பந்தலைப் பிரிச்சு, ஆளுக்கு ஒரு கொத்து இலைய வீட்டுக்கு எடுத்துக்குவாக. அப்புறம் நாயனம் ஊதுனதும் பல்லக்கைத் தூக்கி ஊருக்கு இறங்குவாக. நாயனம் ஊதலைன்னா? தூக்க மாட்டாக. நாயனச் சத்தத்துல ஏறுனவ, நாயனச் சத்தத்துலதான் இறங்குவா. பிரிச்ச பந்தலைத் திரும்பப் போடவும் கூடாது. இதை மறந்துராத, என்ன?

ம்.

மொத நாள் காலையில, கோயில் வேலை பாக்குற பூவாயின்னு ஒருத்தி, ஒரு பெரிய தலைப்பாத் துணியைக் கொண்டாந்து நீட்டுனா. "அண்ணே, இதைச் சுத்திக்கங்க. உச்சியில வெயில் பொல்லாதது."

மாசிலாமணி சிரிச்சான் பாரு, இடி இடின்னு. "வெயிலா? இங்கயா? தாயி, எங்க ஊருக்கு வந்து பாரு, வெயில்னா என்னன்னு தெரியும். இங்க எனக்குப் பல்லு தந்தியடிக்குது!"

பக்கிரி அந்தத் துணியை வாங்கித் தலையில சுத்துனான், காதையும் மூடுனான், கண்ணு மட்டும் தெரியுது. அப்படியே பல்லக்கோட உச்சிக்கு ஏறுனாக. டண்டணக்க டண்டணக்கன்னு தவிலு, பீப்பீப்பீன்னு நாயனம். நாளெல்லாம் ஊதுனான். காத்து ஜிலுஜிலுன்னு வருதா, ஒண்ணுமே தெரியலை அவனுக்கு. நம்ம ஊர் வெயில் சுள்ளுன்னு அடிச்சு, ஓடு ஓடுன்னு விரட்டிரும். மலை வெயில் அப்படி இல்லை. காத்து ஒரு பக்கம் விசிறி விட, வெயில் மறுபக்கம் கமுக்கமா சுட்டுக்கிட்டே இருக்கும். சாயங்காலம் மூஞ்சி கழுவுறான், "ஐயோ!" மூக்கும் நெத்தியும் சுருசுருசுருன்னு எரியுது. செவந்து கிடக்கு.

"என்ன மச்சான்?"ன்னான் பக்கிரி.

"தண்ணி சேரலை"ன்னான் மாசிலாமணி. வெயில்னு வாயில வருமா? வராது.

ரெண்டாம் நாள் பூவாயி, தாழை ஓலையில பின்னுன ஒரு தாழங்குடையைக் கொண்டாந்தா. "அண்ணே, தலைப்பாதான் வேண்டாம்னுட்டீக. குடையாவது வச்சுக்கங்க. ஊதுறப்ப நம்ம ஆளுக பிடிப்பாக."

"குடைக்குக் கீழ நிக்க நான் என்ன கல்யாணப் பொண்ணா?"

பக்கிரி குடைக்குள்ள போய் நின்னுக்கிட்டான். நாளெல்லாம் பீப்பீ, டண்டணக்க. சாயங்காலம் மாசிலாமணிக்குத் தோள்ல துண்டு பட்டா உயிர் போகுது. பின்கழுத்து அப்படிக் காந்தலா காந்துது. ராத்திரி மல்லாக்கப் படுக்க முடியாம குப்புறக் கிடந்தான். அப்பவாச்சும் புத்தி வரணுமா இல்லையா? நீயே சொல்லு.

ம்.

வரலையே! மூணாம் நாள் பூவாயி, இலையில மடிச்சு எருமை நெய் கொண்டாந்தா. "அண்ணே, உதடு காஞ்சு கிடக்கு. இதைத் தடவிக்கிட்டு வாய மூடி நிழல்ல உக்காருங்க. ஊதுறப்ப மட்டும் தொடச்சுக்கங்க. தண்ணியும் நெறையக் குடிங்க."

"நெய்யைத் தடவுனா சீவாளி வழுக்கும், எடுத்துட்டுப் போ தாயி"ன்னுட்டான். சீவாளின்னா நாயனத்துல வாயில வச்சு ஊதுறது. ஊதுறவனுக்கு உதடுதான்டி சொத்து. அந்த உதட்டை என்ன பண்ணான் தெரியுமா? காயக் காய நாக்கால நக்கி விட்டான். நக்குனா ஒரு நிமிசம் ஈரம், அப்புறம் முன்னைக்கும் மேல காஞ்சுரும். அவன் நக்க, அது காய, அவன் நக்க, அது காய... நீயும்தான் மார்கழி மாசத்துல அப்படிப் பண்ணிக்கிட்டுத் திரிஞ்ச, எனக்குத் தெரியாதா?

அப்புறம் விடிஞ்சுது கடைசி நாள். ஊர் மொத்தமும் உச்சியில கூடிருச்சு. பந்தலைப் பிரிச்சாச்சு. இலை எல்லாம் சனங்க மடியில போயிருச்சு. பல்லக்குத் தூக்குறவுக குனிஞ்சு தண்டுல தோளைக் கொடுத்து நிக்குறாக. பக்கிரி டண்டணக்கன்னு ஆரம்பிச்சுட்டான். மாசிலாமணி நாயனத்தை வாயில வச்சு, மூச்சை இழுத்து...

புஸ்ஸ்ஸ்.

இன்னொரு தடவை. புஸ்ஸ்ஸ். மூணாவது தடவை அழுத்தி ஊதுறான், உதடு பட்டுன்னு வெடிச்சு ரத்தம் சீவாளியில வழியுது. சத்தம் மட்டும் வரலை. மலையில வேற நாயனக்காரன் ஏது? கீழ போய் ஆள் கூட்டியாரதுக்குள்ள நாலஞ்சு நாள் ஆயிரும். ஒருத்தரும் அவனைத் திட்டலை. அதுதான் அவனுக்கு ரொம்ப வலிச்சுது. தூக்குறவுக தண்டுல இருந்து தோளை எடுத்துட்டு மெதுவா நிமிந்துட்டாக. ஆத்தா அந்தக் கல்மேடையில, மொட்டை வெயில்ல, ஒத்தையில உக்காந்திருக்கா.

மாசிலாமணி நிமிந்து அவ மூஞ்சியைப் பாத்தான். விடியக்காலம் பூசுன சந்தனக்காப்பு. வெயில்ல காஞ்சு, நெத்தியில ஒரு வெடிப்பு, மூக்குல ஒரு வெடிப்பு, உதட்டுல ஒரு வெடிப்பு. அச்சு அசல் இவன் மூஞ்சி மாதிரி.

"அடியாத்தி!"ன்னான். அழுகை பொத்துக்கிட்டு வந்துருச்சு. இத்தனாம் பெரிய ஆம்பளை, ஊர் முன்னாடி விசும்பி விசும்பி அழுதான். "என் வீம்புக்கு நீ காயுறியா தாயே!"

குடுகுடுன்னு ஓடுனான். பூவாயி கொண்டாந்த அதே தாழங்குடையைத் தூக்கிட்டு வந்து ஆத்தாவுக்குப் பிடிச்சான். அவன் தலையில தலைப்பாவைப் பூவாயியே சுத்தி விட்டா. சுருட்டை முடி அமுங்குதேன்னு வாயைத் திறக்கணுமே? திறக்கலை. பின்கழுத்துல மோர்ல நனைச்ச துணியைப் போட்டாக, அப்பா சாமின்னு இருந்துச்சு. உதட்டு ரத்தத்தைத் தொடச்சு நெய்யைத் தடவி, "பேசக்கூடாது, சிரிக்கக்கூடாது, நாக்கு வெளிய வரக்கூடாது"ன்னா பூவாயி. மண்டையை ஆட்டுனான்.

அப்புறம் நின்னான் பாரு! வெயில் கிழக்க இருந்தா குடையைக் கிழக்க சாய்ப்பான். மேக்க போனா மேக்க சாய்ப்பான். "கொடுங்கண்ணே, நாங்க பிடிக்கிறோம்"னு ஊர் ஆளுக வந்தாக. ம்ஹூம், தர மாட்டேன்னுட்டான். பக்கிரி அப்பப்ப வந்து தண்ணி கொடுப்பான், நெய் தடவி விடுவான். "மச்சான், நீ வாய மூடி நான் இப்பத்தான் பாக்குறேன், நல்லாத்தான் இருக்கு"ன்னு கேலி பண்ணுவான். சிரிக்கவும் முடியாது, திட்டவும் முடியாது இவனுக்கு. பல்லைக் கடிச்சுக்கிட்டு நிப்பான். பொழுது சாஞ்சாத்தான் குடையை மடக்குவான்.

ஒரு நாள் போச்சு. ரெண்டு நாள் போச்சு. மூக்குல தோல் உரிஞ்சு, கீழ புதுத்தோல் வந்துருச்சு. கழுத்துக் காந்தல் அடங்கிருச்சு. மூணு நாள் கழிச்சு விடியக்காலம் உதட்டைத் தடவிப் பாக்குறான், வழுவழுன்னு இருக்கு, புதுசா. கனி, தூங்கிட்டியா?

ம்...

கொஞ்சந்தான். கேளு. நெய்யைச் சுத்தமா தொடச்சான். சீவாளியை வாயில வச்சான். தூக்குறவுக திரும்பவும் குனிஞ்சு தண்டுல தோளைக் கொடுத்தாக.

பீ... பீப்பீ... பீப்பீப்பீஈஈ!

ஹேஏய்னு ஒரு கூச்சல்! பல்லக்கு எழும்பிருச்சு. தூக்குறவுக, "ஏ, ஆத்தா பூ மாதிரி வாராளே"ங்கிறாக. பொம்பளைக குலவை போடுறாக. டண்டணக்க டண்டணக்கன்னு பக்கிரி குதிச்சுக் குதிச்சு அடிக்கிறான். மாசிலாமணி தலையில தலைப்பா, தலைக்கு மேல பூவாயி பிடிக்கிற தாழங்குடை. வேண்டாங்கலையே அவன்! ராசா மாதிரி ஊதிக்கிட்டே இறங்குறான்.

ஊருக்குள்ள வந்து, ஆத்தாவைக் கோயில்ல இறக்குனதும் பக்கிரி மெதுவா கேட்டான். "ஏன் மச்சான், மூணு நாளா உச்சியில நின்னியே, உன் மேல எங்கயாச்சும் வெயில் பட்டுச்சா?"

மாசிலாமணி கையைப் பாத்தான், கழுத்தைத் தொட்டுப் பாத்தான். படலையே! ஆத்தாவுக்குக் குடை பிடிக்கணும்னா கிட்டத்துல நிக்கணும். கிட்டத்துல நின்னா அந்த நிழல்ல அவனும்தானே நிக்கணும்? மூணு நாளும் அவ நிழல்லதான் நின்னிருக்கான், அது அவனுக்கே தெரியலை.

அப்பத்தான் அவனுக்கு விளங்குச்சு. குடை வேண்டாம் போன்னு வீம்பு பிடிச்ச புள்ளைய நிழல்ல நிறுத்துறதுக்கு, பெத்தவ மாதிரி அவளே வெயில்ல போய் உக்காந்துட்டா. கோயில் வாசல்ல நெடுஞ்சாண்கிடையா விழுந்தான். எந்திரிக்கவே மனசு வரலை அவனுக்கு.

கனி... ஏய் கனி... ம் வரலையே. சரி, அந்த உதட்டைக் காட்டு, துளி நெய் வைக்கிறேன். நக்காத, நக்காத! ம், அப்படி. தொப்பியைப் பைக்குள்ள மேலாப்புலதான் வச்சிருக்கேன். ஆத்தா மலை இறங்கிட்டா, கதையும் கூடவே இறங்கிருச்சு. கண்ணை மூடித் தூங்கு தங்கம்.