தமயந்தி, அங்கே, நேற்று

கோணக்கரைக்காரர்களிடம் ஒரு வேலையைச் சொன்னால் சொன்னபடியே செய்வார்கள். தொல்லையே அதுதான். அந்த ஊரில் மாசிலாமணி என்பவர் போட்டோ ஸ்டுடியோ வைத்திருந்தார். கூடமாட உதவிக்குச் சங்கிலியும் எழிலப்பனும். மூன்று பேருக்கும் சேர்த்து ஒரு மூளை இருந்திருந்தால்கூட இந்தக் கதை நடந்திருக்காது.

தமயந்திக்குக் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. பினாங்கிலிருந்து தாய்மாமன் வருகிறார். அவள் தவழ்கிற வயதில் பார்த்தவர். முகூர்த்தத்தில் தன் கழுத்தில் முதல் மாலை அவர் கையால்தான் விழவேண்டும் என்று அவளுக்குக் கொள்ளை ஆசை. ஸ்டுடியோவுக்கே போய்விட்டாள்.

"அண்ணே, மாமாவுக்கு எங்க யாரையும் அடையாளம் தெரியாது. நிச்சயதார்த்தப் படம் ஒவ்வொண்ணோட விவரத்துலயும் யாரு, எங்கே, எப்போன்னு போட்டு அனுப்புங்க. படத்துக்குள்ளயே இருக்கும், பார்த்துக்குவாரு."

"கவலையே படாதே தங்கச்சி" என்றார் மாசிலாமணி.

முதலில் தமயந்தியின் படத்தைத் திறந்தார்கள். 'யார்' என்ற கட்டத்தில் 'மணப்பெண் தமயந்தி' என்று சரியாகவே அடித்தார்கள். 'இடம்' என்ற கட்டத்தில் சங்கிலி 'இங்கே' என்று அடித்தான்.

மாசிலாமணி தலையில் அடித்துக்கொண்டார். "அடேய் மடையா! படிக்கிறவர் பினாங்குல இருக்காரு. அவருக்கு இது எப்படிடா இங்கே ஆகும்? 'அங்கே'ன்னு போடு."

"நேரம்ணே? 'இன்னைக்கு'ன்னு போட்டுடவா?"

"அவரு நாளைக்குப் பார்த்தா?" என்றான் எழிலப்பன்.

மூவரும் டீ வரவழைத்துக் குடித்தார்கள். நெடுநேரம் யோசித்து 'நேற்று' என்று போட்டார்கள்.

மற்ற படங்களுக்கும் தனித்தனியாக அடிக்க எழிலப்பனுக்குச் சோம்பல். தமயந்தியின் படத்திலிருந்த விவரத்தை அப்படியே வெட்டி எடுத்து, மீதி எல்லாப் படங்களிலும் ஒட்டிவிட்டான். சமையல்காரர், நாயனக்காரர், பந்தலுக்குள் புகுந்த எருமை எல்லாருமே மணப்பெண் தமயந்தி ஆனார்கள். நிஜத் தமயந்தியின் படத்தில் மட்டும் ஒரு எழுத்தும் இல்லை.

முகூர்த்தத்தன்று மாமா ஒரு கையில் மாலையும் மறு கையில் கைபேசியுமாக மண்டபத்துக்குள் நுழைந்தார். அவரும் கோணக்கரையில் பிறந்தவர்தான்.

"மாமா, நான்தான் தமயந்தி!"

மாமா படங்களைத் தள்ளித் தள்ளிப் பார்த்தார். "உன் படத்துல ஒண்ணுமே எழுதலையேம்மா. மத்த படத்துல எல்லாம் தமயந்தி 'அங்கே'ன்னு போட்டிருக்கு. நீ இங்கேல்ல நிக்கிறே?"

"முகூர்த்தம் தப்பப் போகுது!" என்று புரோகிதர் கத்தினார். தமயந்திக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. பட்டுப்புடவையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு மண்டபத்தின் அடுத்த கோடிக்கு ஓடினாள்.

"மாமா, இப்போ அங்கே இருக்கேன்!"

"அட, நீயேதாம்மா!" மாமா பூரித்துப்போய் ஓடினார். பக்கத்தில் போனதும் முகம் வாடிவிட்டது. "அடடா, மறுபடியும் இங்கே ஆயிட்டியே!"

மாசிலாமணிக்குப் பொறுக்கவில்லை. "கிட்டப் போனா அப்படித்தான் ஆகும் ஐயா. தள்ளி நின்னு வீசுங்க."

மாமா தள்ளிப் போய் நின்று வீசினார். மாலை சுழன்று போய் நாயனக்காரரின் கழுத்தில் விழுந்தது. நாயனம் பாதியில் நின்றது. மாமா பதறாமல் நாயனக்காரரின் படத்தைத் தேடி எடுத்து உரக்க வாசித்தார்: "மணப்பெண் தமயந்தி. அங்கே. நேற்று."

பிறகு ஆனந்தக் கண்ணீரைத் துடைத்துக்கொண்டு புரோகிதரிடம் சொன்னார்: "பயப்படாதீங்க சாமி, முகூர்த்தம் தப்பல. நேத்தே போட்டுட்டேன்!"