புழுதிக்கு இரண்டு ஸ்பாஞ்ச்

நாச்சிமுத்துவுக்கு வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குருவுக்கு முப்பது.

குருவின் பெயர் ஜெசிந்தா. சூலூரைத் தாண்டி மேடும் பள்ளமுமான ஒரு செம்மண் மைதானத்தில் பிள்ளைகளுக்கு டர்ட் பைக் ஓட்டச் சொல்லிக்கொடுப்பவர். சின்னவர் பெரியவர் எல்லாருக்கும் அவர் மாஸ்டர்தான். நாச்சிமுத்து நூல் மில்லில் முப்பது வருடம் ஃபிட்டர். எந்த மெஷினையும் அரைத் தூக்கத்தில் கழற்றி மாட்டிவிடுவார். ஆனால் மகள் மிதுளா ஓட்டும் அந்தக் குட்டி வண்டியைத் தொட்டால் மட்டும் கை நடுங்கும். கல்யாணமாகிப் பதினைந்து வருடம் கழித்துப் பிறந்த ஒரே பெண், வயது பத்து. அவள் ஓட்டக் கற்றுக்கொண்ட இடத்திலேயே இவர் வண்டி வேலை கற்றுக்கொள்ளச் சேர்ந்தது அந்த நடுக்கத்தால்தான்.

ஞாயிற்றுக்கிழமை மிதுளாவுக்கு முதல் பந்தயம். சனிக்கிழமை மதியம் மாஸ்டர், எஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஏர் ஃபில்டரைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். ஸ்பாஞ்சின் ஓரம் விட்டுப்போயிருந்தது.

"இது உழைச்ச வரைக்கும் போதும்ங்ண்ணா. புதுசு மாட்டிருங்க."

நாச்சிமுத்து புது ஸ்பாஞ்சில் எண்ணெய் விட்டு, மாவு பிசைவதுபோலப் பிசைந்து, ஓரத்தில் கிரீஸ் தடவி மாட்டினார். அத்தோடு எழுந்து போயிருக்கலாம். மனசு கேட்கவில்லை. பொடி மண் உள்ளே போய், மேட்டில் ஏறும்போது எஞ்சின் நின்றுவிட்டால்? மில்லில் மோட்டாருக்குள் பஞ்சு போகாமலிருக்க வலைக்கு மேல் இன்னொரு துணி சுற்றுவார்கள். அந்தப் பழக்கம் விடவில்லை. பழைய ஸ்பாஞ்சை மண்ணெண்ணெயில் அலசி, சோப்புப் போட்டுக் கழுவிக் காயவைத்து, அதற்கும் எண்ணெய் விட்டுப் புதுசின் மேலேயே மாட்டினார். ஃபில்டர் பெட்டியின் மூடி பொருந்தவில்லை. முழங்காலை வைத்து அழுத்தி மூடிவிட்டு, அப்பாடா என்று உட்கார்ந்தார்.

மறுநாள் காலையில் ஒத்திகை ஓட்டம். மைதானம் முழுக்கப் புழுதி. நாச்சிமுத்து மூக்குக்கு இரண்டு மாஸ்க் போட்டு, அதற்கும் மேல் துண்டைச் சுற்றிக்கொண்டு கயிற்றோரம் நின்றார்.

மிதுளா மேட்டை நோக்கி வந்தாள். பாதி ஏறியதும் வண்டி திக்கியது. உச்சியில் அப்படியே நின்றுபோய்ப் பின்னால் சரியப் பார்த்தது. அவள் காலை ஊன்றிப் பிடித்துக்கொண்டாள்.

மெதுவாக உருட்டிக்கொண்டு வந்தாள்.

"அப்பா, முறுக்குனா வண்டி வரமாட்டேங்குது. இருமுது."

பந்தயத்துக்கு அரை மணி நேரம்தான் இருந்தது. நாச்சிமுத்து மாஸ்டரிடம் ஓடினார். மாஸ்டர் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து டீயில் பன்னைத் தோய்த்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"புழுதி உள்ள போயிருச்சுங்க மாஸ்டர். நான் பயந்த மாதிரியே ஆயிருச்சு."

"அப்படிங்களா?"

"இன்னும் கெட்டியா ஒரு ஃபில்டர் கிடைக்காதுங்களா? இல்லைன்னா பேசாம அவ பேரை எடுத்துரலாம்ங்களா?"

மிதுளா வண்டியை உருட்டிக்கொண்டு பின்னாலேயே வந்து நின்றாள். ஹெல்மெட்டுக்குள் கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணை அவரால் பார்க்க முடியவில்லை.

மாஸ்டர் வண்டியின் உப்பிய மூடியைப் பார்த்துக்கொண்டே மிச்ச டீயைக் குடித்து முடித்தார்.

"அந்த மேட்டுக்கு அந்தப்பக்கம் ஒருத்தர் கொடி புடிச்சு நிக்கறாருங்ண்ணா. பந்தயம் எத்தனை ரவுண்டுன்னு கேட்டுட்டு வாங்க."

"நாலு ரவுண்டுங்க. எனக்குத்தான் தெரியுமுங்களே."

"கேட்டுட்டு வாங்க. மேட்டு மேலயே ஏறி ஓடுங்க, சுத்திப் போகாதீங்க. நேரமில்லை."

நேரமில்லாத நேரத்தில் இது என்ன கூத்து என்று நாச்சிமுத்துவுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஆனாலும் ஓடினார். ஐம்பத்திரண்டு வயதுக் கால் மண்ணில் புதையப் புதைய மேடேறி, இறங்கி, கேட்டு, மறுபடி மேடேறி, இறங்கி வந்தார். முகம் முழுக்கச் செம்மண்.

"நாலு ரவுண்டுதானுங்க" என்றார், மூச்சிரைக்க.

"மூஞ்சில சுத்தியிருந்ததெல்லாம் எங்கீங்ண்ணா?"

கை தன்னால் முகத்துக்குப் போனது. துண்டு தோளில் கிடந்தது. மாஸ்க் இரண்டும் தாடைக்குக் கீழே தொங்கின.

"மேடு ஏறறப்ப மூச்சு முட்டுச்சுங்க. எப்பக் கழட்டுனேன்னே தெரியலை."

"புழுதி உள்ள போயிருக்குமே?"

"போயிருக்கும்ங்க."

மாஸ்டர் ஸ்பேனரை எடுத்து அவர் பக்கம் நீட்டினார்.

நாச்சிமுத்து மாஸ்க் இரண்டையும் கழற்றிப் பையில் போட்டுவிட்டு அதை வாங்கினார். பிறகு வண்டியின் பக்கத்தில் குந்தினார். திருகைக் கழற்றியதும் மூடி துள்ளிக்கொண்டு வந்தது. உள்ளே ஸ்பாஞ்ச் இரண்டும் ஒன்றையொன்று நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தன.

"நான்தானுங்க" என்றார். காது சுட்டது.

"ம்."

பழையதை உருவி எடுத்தார். புதுசின் ஓரம் சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் ஒரு சுற்றுத் தடவிப் பார்த்தார். இந்தத் தடவை மூடி விரல் வைத்ததும் மூடிக்கொண்டது. மிதுளா கிக்கரை உதைத்தாள். எஞ்சின் கணீரென்று பிடித்தது.

"வருதுப்பா!" என்று கத்திவிட்டு, அவர் ஏதாவது சொல்வதற்குள் போய்விட்டாள்.

கொடி இறங்கியது. பத்து வண்டிகள் ஒன்றாகப் பாய்ந்தன. ஒரு நொடியில் மைதானமே செம்புழுதியில் மறைந்தது. சத்தம் மட்டும் கேட்டது. எது மகளுடைய சத்தம் என்று பிரித்தெடுக்க முயன்று தோற்றார். கயிற்றின்மேல் எட்டி எட்டிப் பார்த்தார்.

"தெரியலைங்களே மாஸ்டர். ஒண்ணும் கண்ணுக்குத் தெரியலை."

"ஆமாங்க."

"விழுந்துட்டா?"

மாஸ்டர் எழுந்து போனார்.

"மாஸ்டர், இப்ப நான் என்ன பண்றதுங்க?"

மாஸ்டர் குழாயடியிலிருந்து ஒரு வாளித் தண்ணீரைத் தூக்கி வந்து அவர் காலடியில் வைத்தார். பக்கத்தில் சோப்புத்தூளையும் வைத்தார்.

"கலக்கி வைங்ண்ணா. புள்ளையும் வண்டியும் அழுக்காத்தான் வரும்."