துள்ளி திரும்பிப் பார்க்கவில்லை

நாவலேரிக் காட்டில் உளி என்றொரு மரங்கொத்தி இருந்தது. யாராவது பெயர் சொல்லிக் கூப்பிட்டால் மரத்தின் மறுபக்கம் போய் ஒட்டிக்கொள்ளும். அவ்வளவு கூச்சம். ஆனால் கண்ணில் பட்டதை எண்ணாமல் விடாது. ஓர் எண்ணுக்கு ஒரு கொத்து. பட்டமரத்தில் ஒரு புள்ளி.

அந்தக் காட்டில் கோடை பிறக்கும் முன் ஏரியின் வடகரை விலங்குகளுக்கும் தென்கரை விலங்குகளுக்கும் பனங்காய்ப் பந்தயம் நடக்கும். வடகரைக்காக எறிவது துள்ளி என்ற குரங்கு. அது எறியும் காயைக் கொம்பில் ஏந்திக்கொண்டு ஓடுவது தலைவன் கிளைக்கொம்பன் என்ற கலைமான். காய் கொம்பில் சேர்ந்தால் அந்தக் கரைக்கு ஒரு வெற்றி. காய் கையை விட்டுப் போவதற்குள் எதிரணி பாய்ந்து வந்து துள்ளியைத் தள்ளிவிடப் பார்க்கும். கடிக்கக் கூடாது, இடிக்கலாம்.

போன வருடம் ஒரு செந்நாய் பின்னாலிருந்து வந்து இடித்ததில் துள்ளியின் தோள் பிசகிவிட்டது. இரண்டு மாதம் கிளையைப் பிடித்துத் தொங்க முடியவில்லை.

“இன்னொரு அடி அதே தோளில் விழுந்தால் நான் மரம் ஏறுவதே சந்தேகம். முதுகுப் பக்கம் நல்ல காவல் இல்லாமல் எறிய மாட்டேன்!” என்றது துள்ளி.

அந்தக் காவலுக்கு இருவர் வந்தார்கள். ஒன்று மதிலன் என்ற காட்டுப்பன்றி. மற்றொன்று போர்வை என்ற கரடி. அதற்கு மூன்று வயதுகூட நிறையவில்லை.

முதல் சோதனையாக விழுந்து கிடந்த மருதமரத்தைத் தள்ளச் சொன்னார்கள். மதிலன் ஒரே முட்டில் அதை ஓடைக்குள் உருட்டியது. ஒரே ஆரவாரம்! திரும்ப இழுத்துப் போட்டதும் போர்வை தள்ளியது. மரம் ஒரு சாண் நகர்ந்தது.

“என்ன போர்வை, மரத்திடம் நலம் விசாரித்தாயா?” என்றது மதிலன்.

“கனமாக இருக்கிறது அண்ணே!” என்றது போர்வை, வெள்ளந்தியாக.

கொடியால் அளந்தபோது போர்வையின் கைகள்தான் காட்டிலேயே நீளம் என்று தெரிந்தது. “தேன் எடுக்க உதவும்!” என்று கிளைக்கொம்பன் சிரித்தது.

அடுத்து ஆளுக்குப் பத்து எறி. நரிகள் எதிரணியாகப் பாய்ந்தன. மதிலன் ஆறு நரிகளைப் புதருக்குள் தூக்கி எறிந்தது. மிச்சம் நான்கு தடவை நரி உள்ளே புகுந்துவிட்டது. துள்ளி குனிந்து தப்பியது.

போர்வையின் முறை வந்தது. முதல் எறியிலேயே அவசரப்பட்டு முன்னால் பாய்ந்தது. நரி அதன் கைக்கு அடியில் நுழைந்து துள்ளியைச் சேற்றில் தள்ளியது. நல்லவேளை, தோளில் அடி இல்லை.

“போச்சு!” என்றது போர்வை. அதன்பின் அது பாயவில்லை. பக்கவாட்டில் சின்னச் சின்ன அடியாக நகர்ந்தது. நரி எந்தப் பக்கம் போனாலும் அங்கே ஒரு நீளக் கை இருந்தது. நரி எதுவும் விழவில்லை. எதுவும் உள்ளே போகவும் இல்லை. வேடிக்கை பார்த்தவர்கள் கொட்டாவி விட்டார்கள்.

“இதில் யோசிக்க என்ன இருக்கிறது? ஆறு நரி எங்கே, ஒன்றுமில்லாதது எங்கே? மதிலன்தான் காவல்!” என்றது கிளைக்கொம்பன்.

உளி மரத்தின் மறுபக்கத்திலிருந்து தலையை நீட்டியது. பேசினால் எல்லாரும் பார்ப்பார்கள். பேசாவிட்டால் துள்ளியின் தோள் என்னாவது?

“நா... நான் கொத்திய இரண்டு பட்டமரத்தையும் பாருங்கள்” என்றது, பாதி உடலை மறைத்துக்கொண்டு.

“என்ன இது உளி, புள்ளிக் கோலமா?” என்றது கிளைக்கொம்பன்.

“மதிலன் காவல் நின்றபோது பதினான்கு புள்ளி. போர்வைக்கு நான்கு. அதுவும் முதல் மூன்று எறிக்குள். மிச்சம் ஏழு எறியில் ஒன்றுகூட இல்லை.”

“எதை எண்ணினாய்?”

“துள்ளி திரும்பிப் பார்த்ததை.”

எல்லாரும் துள்ளியைப் பார்த்தார்கள். துள்ளி தன் தோளைத் தடவிக்கொண்டது. “நானா? நான் பார்த்ததே எனக்குத் தெரியாதே!” என்றது. பிறகு மெல்லச் சொன்னது: “ஆனால் போர்வை நின்ற கடைசி எறிகளில், பின்னால் நரி வருகிற நினைப்பே எனக்கு வரவில்லை.”

“சின்னப் பையன். ஏமாந்தானே!” என்றது கிளைக்கொம்பன்.

“ஏமாந்தான். ஒரே ஒரு தடவை” என்றது உளி. சொல்லிவிட்டு மரத்தின் மறுபக்கம் ஓடிவிட்டது.

கிளைக்கொம்பன் இரண்டு மரங்களையும் மாறி மாறிப் பார்த்தது. முதுகுப் பக்கம் போர்வை, முன்பக்கம் மதிலன் என்று முடிவானது. “முன்னால் என்றால் இன்னும் நிறைய முட்டலாமே!” என்று மதிலனும் சமாதானமானது.

பந்தய நாளில் இரு கரையும் நான்குக்கு நான்கு என்று சமமாக நின்றன. வடகரையின் கடைசி எறி. போன வருடம் இடித்த அதே செந்நாய் பின்னாலிருந்து புறப்பட்டது. இடம் போவதுபோல் காட்டி வலம் பாய்ந்தது. உளி எண்ணியது. ஒன்று, இரண்டு, மூன்று... வழக்கமாக மூன்றுக்குள் துள்ளி பயந்து எறிந்துவிடும். நான்கு, ஐந்து... போர்வை நகர்ந்தது, கை நீட்டியது, மறுபடி நகர்ந்தது. துள்ளி நிதானமாகத் தூரத்தைப் பார்த்தது. ஏழு! ஏரியோரம் தனியாக ஓடிய கிளைக்கொம்பனின் கொம்பில் பனங்காய் போய் உட்கார்ந்தது.

வடகரை வென்றது! எல்லாரும் கிளைக்கொம்பனைச் சூழ்ந்து கூத்தாடினார்கள். போர்வை மட்டும் மூச்சு வாங்கியபடி நின்றது.

“அக்கா, ஏதாவது தப்பு செய்தேனா? யாரும் என்னைப் பற்றிப் பேசவே இல்லையே!”

துள்ளி அதன் முதுகில் ஏறி உட்கார்ந்தது. “பேசவில்லை அல்லவா? அப்படியானால் சரியாகத்தான் செய்திருக்கிறாய்!”

உளி புதிதாக ஒரு மரத்தைப் பார்த்து வைத்தது. அடுத்த வருடத்துக்கு. அதில் புள்ளி வைக்க வேலை இருக்காது என்று அதற்குத் தோன்றியது.

காவல்காரனின் திறமையை அவன் வீழ்த்தியவர்களைக் கொண்டு அளக்காதீர்கள். அவனை நம்பி நிற்பவர் எவ்வளவு பயமில்லாமல் நிற்கிறார் என்பதைக் கொண்டு அளந்து பாருங்கள்.